இரவல் கேட்ட நகரம்

நுழையும்முன்

ஒரு பொருளை இரவலாகக் கேட்பது எளிது. கேட்டவாறே திருப்பித் தருவர் என்னும் நம்பிக்கையை உடையவர் நெஞ்சில் விதைப்பதுதான் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற மான்செஸ்டர் நகரம், செல்வர்தம் மாளிகைகளில் இருந்த ஓவியங்களை இரவலாகப் பெற்றுப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தது. அக்கண்காட்சி உருவான வரலாற்றையும், கலைப்பொருளுக்கு உரியவர் யார் என்னும் வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சொந்தமில்லாச் செல்வம்

1857ஆம் ஆண்டு மே 5ஆம் நாள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வெளியே ஓல்டு டிராஃபோர்டு என்னும் இடத்தில், இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட மாபெரும் மண்டபம் ஒன்றை, விக்டோரியா அரசியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் திறந்துவைத்தார். 656 அடி நீளமும் 200 அடி அகலமும் கொண்ட அம்மண்டபத்தில் 16,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. இத்தாலியின் மைக்கேலாஞ்சலோ, ரஃபேல், டிஷன் ஆகியோரும், பிளாண்டர்சின் ரூபன்சும், ஆலந்தின் ரெம்பிராண்டும், இங்கிலாந்தின் ஹோகார்த், கெய்ன்ஸ்பரோ, டர்னர் முதலியோரும் அங்கு ஒரே கூரையின்கீழ் கூடினர். 'ஐக்கிய முடியரசின் கலைச்செல்வங்கள்' என்பது அக்கண்காட்சியின் பெயர்.

அந்த மண்டபத்தின் சுவர்களில் தொங்கிய ஓவியங்களுள் ஏறத்தாழ எதுவுமே மான்செஸ்டர் நகருக்குச் சொந்தமானதன்று. பல நூறு உடைமையாளர்களின் வீடுகளிலிருந்து அவை இரவலாகப் பெறப்பட்டவை. கண்காட்சி முடிந்ததும் திருப்பி அளிக்கப்பட வேண்டியவை. இத்துணைப் பெரிய இரவலைக் கேட்கும் துணிவு ஆலைநகர் ஒன்றுக்கு எவ்வாறு வந்தது? கேட்டவுடன் கொடுக்க உடைமையாளர்கள் எவ்வாறு இசைந்தனர்?

பூட்டிய மாளிகைகளுக்குள் ஓவியங்கள்

அக்காலத்து இங்கிலாந்தில் சிறந்த ஓவியங்களுள் பெரும்பாலானவை தனியார் மாளிகைகளிலேயே இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிக்குப் பயணம் சென்ற பெருங்குடி இளைஞர்கள் ஓவியங்களையும் சிற்பங்களையும் வாங்கிவந்தனர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், பிரான்சின் புகழ்பெற்ற ஆர்லியன்ஸ் கோமகனின் ஓவியத் தொகுப்பு லண்டனில் விற்பனைக்கு வந்தது. அதன் இத்தாலிய, பிரெஞ்சு ஓவியங்களை வாங்கிய மூவருள் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் ஒருவர். தமது சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டிப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். மான்செஸ்டரின் அடுப்புகளிலும் உலைகளிலும் எரிந்த கரியே, மான்செஸ்டர் மக்கள் காணமுடியாத ஓவியங்களுக்கு விலையாயிற்று எனலாம்.

பொதுமக்களுக்கென அமைந்த லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1824இல் 38 ஓவியங்களுடன்தான் தொடங்கப்பெற்றது. அது மெல்ல வளர்ந்தபோதிலும், தனியார் தொகுப்புகளின் வளத்திற்கு ஈடாகவில்லை. மாளிகைகளைக் காண விரும்புவோர் உடையவரின் ஒப்புதலைப் பெறவேண்டும். தொலைதூரம் பயணம் செய்யவேண்டும். ஆலையில் நூல் நூற்கும் தொழிலாளிக்கு இவ்விரண்டும் எட்டாக் கனிகள்.

இந்நிலையில், பெர்லின் அரச ஓவியக்கூடத்தின் இயக்குநரான குஸ்தாவ் வாகன் என்னும் அறிஞர் இங்கிலாந்து முழுவதும் சுற்றி, எந்த மாளிகையில் எந்த ஓவியம் உள்ளது என்பதைத் தொகுத்து எழுதினார். 1854இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது நூல், மறைந்துகிடந்த செல்வத்துக்கு ஒரு வரைபடமாக அமைந்தது. இருப்பிடம் தெரிந்தபின் அடுத்த வினா இயல்பாகவே எழுந்தது. இவற்றை ஓரிடத்தில் கூட்டினால் என்ன?

ஒரு கடிதம், ஓர் உறுதிமொழி

1851இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற பெருங்காட்சி தொழில்களின் விழாவாக அமைந்தது; ஓவியக்கலைக்கு அங்கு உரிய இடம் இல்லை. 1853இல் டப்ளின் நகரிலும், 1855இல் பாரிசிலும் நடைபெற்ற கண்காட்சிகள் ஓவியங்களுக்கு இடமளித்தன. டப்ளின் கண்காட்சிப் பணியில் பங்கேற்ற ஜான் கானலன் டீன் என்பவர், 1856ஆம் ஆண்டு பிப்ரவரியில் மான்செஸ்டர்த் தொழிலதிபர் தாமஸ் ஃபேர்பேர்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். கலைச்செல்வங்களுக்கென்றே தனியொரு கண்காட்சியை மான்செஸ்டரில் நடத்தலாம் என்பது அக்கடிதத்தின் சாரம்.

நகரத்துச் செல்வர்கள் விரைந்து செயற்பட்டனர். ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்து 74,000 பவுண்டுக்கு உத்தரவாதம் அளித்தனர். இது நன்கொடையன்று. கண்காட்சியில் இழப்பு நேர்ந்தால் அதனைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்வோம் என்னும் உறுதிமொழி. பிறர் பொருளை இரவல் கேட்பதற்கு முன்பாகத் தம் பொருளைப் பணயம் வைத்தனர் என்பதே இதன் சிறப்பு. பிரிட்ஜ்வாட்டர் ஓவியங்களின் அன்றைய உரிமையாளரான எல்ஸ்மியர் பிரபு பொதுக்குழுவின் தலைமையை ஏற்றார். கண்காட்சி திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் மறைய, ஓவர்ஸ்டோன் பிரபு அப்பொறுப்பை ஏற்றார்.

எனினும் பணம் மட்டும் ஓவியங்களைக் கொண்டுவந்துவிடாது. இதனை உணர்ந்திருந்தவர் இளவரசர் ஆல்பர்ட். 1856 சூலையில் எல்ஸ்மியர் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் முழு முயற்சிக்கும் வழிகாட்டியாயிற்று. வெறும் வேடிக்கைக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தம் அரும்பொருளைப் பிரிய எவரும் விரும்பார். நாட்டுக்குப் பயன்படும் நோக்கம் ஒன்று வேண்டும். அந்நோக்கம் கல்வியாக இருக்கலாம். ஓவியக்கலையின் வரலாற்றைக் கால வரிசையில் காட்டும் வகையில் ஓவியங்களை அமைத்தால், தம் ஓவியம் இல்லாவிடில் அவ்வரலாற்றில் ஓர் இடைவெளி விழும் என்பதை உடைமையாளர் உணர்வர் என்பன அவர்தம் கருத்துகள். இரவல் கேட்போர் முதலில் காட்டவேண்டியது தேவையையன்று, நோக்கத்தையே என்பதை அக்கடிதம் தெளிவாக்கியது.

தயக்கமும் விடையும்

உடைமையாளர்களின் தயக்கத்தைத் தன்னலம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. நூற்றாண்டுகள் கடந்த மரப்பலகை ஓவியம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் வளையும், வெடிக்கும். திரைத்துணியில் தீட்டிய வண்ணம் அதிர்ச்சியால் உதிரும். தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தொலைவு செல்லும் வழியில் எதுவும் நேரலாம். ஆலைப்புகையால் கருத்த நகரம் மான்செஸ்டர். தீப்பற்றினால் ஈட்டுத்தொகை கிடைக்கலாம், ஓவியம் மீளாது.

வெளியில் சொல்லப்படாத அச்சம் ஒன்றும் இருந்தது. பெரும்புகழ் ஓவியர் ஒருவரின் கைவண்ணம் என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய படம், உண்மையான படைப்புகளின் அருகில் தொங்கும்போது படியென்று தெரியவரலாம். ஓவியத்தோடு குடும்பத்தின் பெருமையும் பொதுச்சுவரில் தொங்கவேண்டியிருந்தது. பருத்தி நூற்கும் ஊருக்குக் கலை எதற்கு என்று பெருங்குடியினர் ஒருவர் வினவியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

இத்தயக்கங்களுக்குச் செயற்குழு ஒவ்வொன்றாக விடை கண்டது. ஓவியங்களைக் கொண்டுவருதல், காத்தல், திருப்பி அனுப்புதல் ஆகியவற்றின் பொறுப்பைத் தானே ஏற்றது. புகை மிகுந்த நகர நடுவை விடுத்து, தூய காற்று வீசும் புறநகர்ப் பகுதியைத் தேர்ந்தது. கட்டடத்தை ஒட்டியே தொடர்வண்டிப் பாதை சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, விக்டோரியா அரசியார் தம் தொகுப்பிலிருந்து ஓவியங்களை வழங்க முன்வந்தார். அரசியே நம்பிக் கொடுக்கும்போது மற்றவர் மறுப்பது எளிதாக இல்லை.

சிலர் நிபந்தனையோடு கொடுத்தனர். ஹெர்ட்ஃபோர்டு கோமான் 44 ஓவியங்களை வழங்கினார். ரூபன்சின் புகழ்பெற்ற வானவில் நிலக்காட்சி அவற்றுள் ஒன்று. கால வரிசைக்குள் சிதறிவிடாமல், அவை தனியறையில் ஒருசேர வைக்கப்பெற்றன. கல்வி நோக்கமும் கொடுப்பவரின் பெருமையும் மோதிய இடத்தில், செயற்குழு விட்டுக்கொடுத்து ஓவியங்களைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலத்தில் அதுவரை மான்செஸ்டர் கிரிக்கெட் கழகம் விளையாடிவந்தது. கண்காட்சிக்காக அந்நிலத்தை விட்ட கழகம், அருகில் வேறோர் இடத்துக்குப் பெயர்ந்தது. அதுவே இன்று பன்னாட்டுப் போட்டிகள் நடைபெறும் ஓல்டு டிராஃபோர்டு கிரிக்கெட் திடல்.

ஷார்ஃபின் உழைப்பு

பண்டைய ஓவியர் பிரிவைத் தொகுக்கும் பொறுப்பு ஜார்ஜ் ஷார்ஃப் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் லண்டன் தேசிய உருவப்பட ஓவியக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் அவர். வாகனின் நூலைத் துணையாகக் கொண்டு அவர் மாளிகை மாளிகையாகச் சென்றார். பார்த்த ஓவியங்களைக் குறிப்பேட்டில் சிறு கோட்டோவியமாக வரைந்துகொண்டார். கொடுக்க முன்வந்த எல்லாவற்றையும் ஏற்பதன்று அவர் பணி. வரலாற்றைச் சொல்லத் தேவையானவற்றைத் தேர்தலும், தேவையற்றவற்றை உடையவர் மனம் நோகாமல் விலக்குதலும் அவர்தம் கடமைகளாயின.

திரட்டிய ஓவியங்களை அவர் அமைத்த முறை புதுமையானது. அழகையும் அளவையும் கருதிச் சுவரை நிரப்புவதே அக்கால வழக்கம். ஷார்ஃபோ, ஒருபுறச் சுவரில் இத்தாலிய ஓவியங்களையும், எதிர்ப்புறச் சுவரில் செருமனி, பிளாண்டர்ஸ் முதலிய வடநாட்டு ஓவியங்களையும் கால முறைப்படி வைத்தார். நடுவில் நடந்து செல்பவர், ஒரே காலத்தில் இருவேறு நிலங்களில் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதை இடமும் வலமும் நோக்கி ஒப்பிடலாம்.

ஓவியரின் பெயரைக் குறிப்பதில் மட்டும் பட்டியல்நூல் எச்சரிக்கையோடு நடந்துகொண்டது. உடைமையாளர் தந்த பெயரையே பெரும்பாலும் அச்சிட்டது. ஆயினும், பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அறிஞர்களுக்கு முதன்முறையாகக் கிட்டிற்று. வாகனும், பிரெஞ்சுத் திறனாய்வாளர் தியோஃபில் தொரேயும் இக்கண்காட்சியைப் பற்றி நூல்கள் எழுதினர். எது மூலம், எது படி என்னும் ஆய்வு வளர இவ்வொப்பீடு துணைசெய்தது. உடைமையாளர் அஞ்சியதும் கலையறிவு வளர்ந்ததும் ஒரே காரணத்தால்தான்.

மக்கள் வந்தனர்

கண்காட்சி அக்டோபர் 17 வரை 142 நாள்கள் நடைபெற்றது. 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர். பெரும்பாலான நாள்களில் நுழைவுக்கட்டணம் ஒரு ஷில்லிங். சனிக்கிழமைப் பிற்பகல்களில் அதில் பாதி. கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட், தம் ஆலையின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித் தொடர்வண்டிகளில் அழைத்துவந்தார். அமெரிக்க எழுத்தாளர் நத்தேனியல் ஹாத்தோர்ன் பலமுறை வந்து பார்த்தார். கலையும் பொருளியலும் பற்றி ஜான் ரஸ்கின் அந்த ஆண்டு சூலையில் மான்செஸ்டரிலேயே சொற்பொழிவாற்றினார். கண்காட்சியில் இசை வழங்குவதற்காகச் சார்லஸ் ஹாலே திரட்டிய இசைக்குழு, பின்னர் கலையாமல் நிலைத்தது. ஹாலே இசைக்குழு என்னும் பெயரில் இன்றும் அது இயங்கிவருகிறது.

வந்தவர் அனைவரும் கண்டு தெளிந்தனர் எனக் கூறிவிட முடியாது. ஆயிரக்கணக்கான படங்களை ஒரே நாளில் கண்ட கண் களைத்துப்போகும். கதையும் காலமும் அறியாதவர்க்குச் சுவரின் வரிசை தானாகப் பேசாது. தொழிலாளர்க்கெனச் சிறு வழிகாட்டி நூல்கள் மலிவு விலையில் வெளிவந்தமை இக்குறையை உணர்ந்ததன் விளைவே. கதவைத் திறப்பது கல்வியின் முதற்படி, முழுமையன்று.

அந்த ஆண்டு இந்திய வரலாற்றிலும் மறக்கவியலாதது. கண்காட்சி திறக்கப்பட்ட ஐந்தாம் நாள், மே 10 அன்று, மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை முன்னிட்டு அக்டோபர் 7ஆம் நாளைப் பிரிட்டன் அரசு நோன்புநாளாக அறிவிக்க, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறெந்த நாளும் மூடாத கண்காட்சி அன்று மூடப்பட்டது. அதே மண்டபத்தில் இந்தியக் கலைப்பொருள்களும் வைக்கப்பட்டிருந்தன. 'கலைச்செல்வங்கள்' என்னும் பெயருக்குள் கொடுத்தவரின் பெருந்தன்மை மட்டுமன்றி, செல்வம் குவிந்த வழிகளின் வரலாறும் அடங்கியிருந்தது.

திருப்பி அளித்தபின்

கண்காட்சி முடிந்தது. ஓவியங்கள் உரியவரிடம் திரும்பின; மண்டபம் பிரிக்கப்பட்டது. வரவு செலவு பார்த்தபோது எஞ்சிய ஆதாயம் ஏறத்தாழ 304 பவுண்டு மட்டுமே. உத்தரவாதம் அளித்தவர் எவரும் கைப்பொருள் இழக்கவில்லை. ஆயினும், அந்த ஐந்து மாதங்கள் விட்டுச்சென்ற விளைவுகள் நெடுநாள் நீடித்தன.

மைக்கேலாஞ்சலோவின் முற்றுப்பெறாத கன்னிமரி ஓவியம் ஒன்று, தனியார் உடைமையிலிருந்து இரவலாக வந்து இங்குப் பலர் கண்ணில் பட்டது. 'மான்செஸ்டர் மடோனா' என்னும் பெயரை அது நிலையாகப் பெற்றது. 1870இல் அதனை லண்டன் தேசிய ஓவியக்கூடம் வாங்கியது. கார்லைல் பிரபுவின் குடும்பம் அளித்த 'மூன்று மரியாக்கள்' என்னும் அன்னிபாலே கராச்சியின் ஓவியம் கண்காட்சியில் பெரும் கூட்டத்தை ஈர்த்தது. ஆர்லியன்ஸ் தொகுப்பிலிருந்து வந்த அதுவும் 1913இல் அதே ஓவியக்கூடத்தின் பொதுச்சொத்தாயிற்று.

எல்லா ஓவியங்களும் அவ்வாறு மக்களைச் சேரவில்லை. இங்கு வைக்கப்பட்ட கெய்ன்ஸ்பரோவின் 'நீலச் சிறுவன்' 1921இல் அமெரிக்கச் செல்வர் ஒருவருக்கு விற்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் அது லண்டனுக்குத் திரும்பிவந்தது. அதுவும் சில மாத இரவலாகவே. அத்துணைப் பழைய ஓவியத்துக்கு நெடும்பயணம் தகுமா என்னும் விவாதமும் அப்போது எழுந்தது. 1857இன் தயக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

ஹெர்ட்ஃபோர்டு கோமானின் ஓவியங்கள் கண்ட மாற்றம் இன்னும் விந்தையானது. அத்தொகுப்பு 1897இல் நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டு, 'வாலஸ் தொகுப்பு' என்னும் பெயரில் லண்டனில் உள்ளது. பிற கலைப்பொருள்களோடு கலவாமல் அதனை ஒருசேரக் காக்கவேண்டும் என்பது கொடையின் நிபந்தனை. அதிலிருந்து எதனையும் இரவல் தரக்கூடாது என்றே அது நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்டது. 2019இல்தான் அந்தத் தடை நீங்கியது. தனியார் கையில் இருந்தபோது மான்செஸ்டருக்குப் பயணம் சென்ற ஓவியங்கள், பொதுச்சொத்தானபின் நூறாண்டுக்கு மேல் தம் சுவரை விட்டு அகலவில்லை.

இரவலின் அறம்

இன்று உலகின் அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று கலைப்பொருள்களை இரவல் அளிக்கின்றன. ஓவியத்தின் நிலையைப் பதிவுசெய்யும் அறிக்கை, ஈரமும் வெப்பமும் அளவோடு காக்கப்படும் பெட்டி, உடன்செல்லும் பாதுகாவலர், காப்பீடு எனப் பல ஏற்பாடுகள் வந்துள்ளன. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, இரவல் பொருளுக்கு நேரும் இழப்பை அரசே ஈடுசெய்யும் முறை ஏற்பட்டது. மான்செஸ்டர்ச் செல்வர் நூறு பேர் கையொப்பமிட்ட உறுதிமொழியின் இடத்தில் இன்று அரசின் உறுதிமொழி நிற்கிறது.

ஏற்பாடுகள் வளர்ந்தாலும் அடிப்படை மாறவில்லை. தக்க நோக்கத்தோடு கேட்டல், கேட்டதைக் கண்ணெனக் காத்தல், சொன்ன நாளில் திருப்பியளித்தல் ஆகிய மூன்றுமே இரவலின் அறம். ஓவியத்தின் மீது உடைமையாளர்க்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதனைக் கண்டு கற்கும் உரிமை மக்களுக்கும் உண்டு என்னும் எண்ணம் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. எவர் உரிமையையும் பறிக்காமல், அவ்வெண்ணத்துக்கு 142 நாள்கள் உருவம் கொடுத்துக் காட்டியது மான்செஸ்டர். அதன்பின், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் ஓவியம் இருக்கிறது என்றால், அதனைக் காணமுடியுமா என்று கேட்பது தகாத வினாவாகத் தோன்றவில்லை.

சொல்லும் பொருளும்

உத்தரவாதம் – இழப்பு நேரின் ஈடுசெய்வதாகத் தரும் உறுதி
தொகுப்பு – ஒருவர் திரட்டிவைத்த கலைப்பொருள்களின் கூட்டம்
படி – மூலத்தைப் பார்த்து வரைந்த மறுவடிவம்
பணயம் – இழக்க நேரலாம் என அறிந்தே முன்வைக்கும் பொருள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்குள்ள பொருள்களுள் தனியார் வழங்கியவை எவை எனக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. 'அரிய கலைப்பொருள்கள் தனியார் உடைமையாக இருக்கலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. மான்செஸ்டர்ச் செல்வர்கள் அளித்த உத்தரவாதம் நன்கொடையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. 'மான்செஸ்டர் மடோனா' – பெயர்க்காரணம் கூறுக.

சிறுவினா

1. இளவரசர் ஆல்பர்ட்டின் கடிதம் கண்காட்சிக்கு எவ்வாறு வழிகாட்டியது?
2. ஷார்ஃப் ஓவியங்களை அமைத்த முறையையும் அதன் பயனையும் விளக்குக.

நெடுவினா

ஓவிய உடைமையாளர்களின் தயக்கங்களையும், அவற்றுக்குச் செயற்குழு கண்ட விடைகளையும் தொகுத்துரைத்து, அத்தயக்கங்கள் நியாயமானவையா என்பது குறித்து உம் கருத்தை எழுதுக.